இங்கன பாருங்க

திருநெல்வேலி – திருச்செந்தூர் பாசஞ்சரில் காதுக்குள் எதையும் செருகிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. போனில் ஓடுவது பெட்டிக்கே கேட்கும். ஒரு மூலையில் வடிவேலு, இன்னொரு மூலையில் யாரோ மீன் குழம்பு தாளிக்கிறார்கள், கழிப்பறை ஓரத்தில் கந்தசஷ்டிக் கவசம், மேல் பலகையில் "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று மூச்சு வாங்கத் தொடங்கும் ஒரு துணுக்கு. அத்தனை ஓசைக்கும் நடுவில் அவ்வப்போது ஒரு மனிதக் குரல் எழும்: "இங்கன பாருங்க."

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். அதற்காகவே ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் நடைபாதைப் பக்கம் உட்காருவேன். எதிர் வரிசையும் பக்கத்து வரிசையும் வாசல்படியும் அங்கிருந்து ஒரே பார்வையில் அகப்படும். நான் பேசுவதில்லை. மனிதர்கள் போனைக் குனிந்து பார்ப்பதைப் பற்றி நிறையப் பேர் வருத்தப்பட்டு எழுதிவிட்டார்கள். குனிந்த தலை நிமிர்ந்து, கை நீண்டு, திரை இன்னொருவர் பக்கம் திரும்பும் அந்தக் கணத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

மார்கழி மாதம். அரையாண்டு விடுமுறை இன்னும் முடியவில்லை. ஜங்ஷனிலேயே பெட்டி நிறைந்துவிட்டது. பச்சை வேட்டி கட்டிய முருகன் கோயில் கூட்டம் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. என் எதிரே ஜன்னலோரம் பூக்கூடையோடு ஓர் அம்மா. கூடைமேல் ஈரத்துணி, துணிமேல் போன். விரல்கள் பிச்சிப்பூவை நாரில் ஏற்றிக்கொண்டே இருக்கின்றன, கண் போனில். அவர் பக்கத்தில் ஓர் ஆச்சி, காலடியில் வெறும் பனைநார்ப் பெட்டி, மடியில் விற்றது போக மிஞ்சிய ஒரு கட்டுப் பனங்கிழங்கு. அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு படிக்கும் பையனும் அவன் மாமாவும். என் வரிசையில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

பாளையங்கோட்டை தாண்டியதும் ஒருத்தி மற்றவளை இடித்தாள். "ஏட்டி, இதப் பாரேன்." தோழி பார்த்துச் சிரித்தாள். பூக்கார அம்மாவின் கண் தன் போனை விட்டு இவர்கள் பக்கம் வந்ததை அந்தப் பெண் கவனித்திருக்க வேண்டும். கையை நீட்டிப் போனைத் திருப்பிக் கூடைக்கு மேலே பிடித்தாள்.

"யக்கா, இங்கன பாருங்க."

காட்டுக்கு மேலேயிருந்து எடுத்த காட்சி. மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. அங்கே யானைகள் படுத்து உறங்குகின்றன. கன்று நடுவில். பெரியவை சுற்றிலும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் எடுத்தது. அப்போது தமிழக வனத்துறையின் கூடுதல் தலைமைச் செயலராக இருந்த சுப்ரியா சாகு 2024 மே மாதம் பகிர்ந்த பிறகு எங்கெங்கோ சுற்றிவிட்டு, இப்போது செய்துங்கநல்லூர் போகிற வழியில் ஒரு பூக்கூடை மேல் வந்து நிற்கிறது.

பூக்கார அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. ஏறியதிலிருந்து அவை நின்றது அப்போதுதான்.

"படுத்தா உறங்குது? நின்னுக்கிட்டேல்லா உறங்கும்னு சொல்லுவாவ."

"ரெண்டும் உண்டாம்க்கா. குட்டி படுத்துதான் நல்லா உறங்குமாம்."

"திருப்பிப் போடு தாயி."

திருப்பிப் போட்டாள். இந்த முறை ஆச்சியும் எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை பையனும் மாமாவும். மறுபடி மறுபடி அந்தக் கன்று காலை நீட்டிப் படுத்துக் கிடந்தது. பூக்கார அம்மா மெல்லச் சொன்னார்: "நம்ம தெய்வானைக்கு இப்பிடி ஒருநாளு வாச்சிருக்குமா?"

திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை. 2024 நவம்பரில் அது தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் இறந்தார்கள். பூக்கார அம்மா கோயில் வாசலில் விற்கிறவர். அந்த யானையை நாள்தோறும் பார்த்தவர். அதற்குப் பழம் கொடுத்திருக்கிறார், பாகனோடு பேசியிருக்கிறார். அன்றைக்கு வீதியில் எப்படிக் கூட்டம் ஓடிற்று, அதன்பிறகு யானையை எப்படிக் கட்டி வைத்தார்கள், அது எத்தனை நாள் சரியாகத் தின்னவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், எல்லாம் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. செத்தவர்களுக்காகவும் யானைக்காகவும் ஒரே மூச்சில் வருந்தினார். ஆச்சி, "அதுவும் காட்டுல பொறந்த சீவன்தானே" என்றார். கல்லூரிப் பெண்கள் போனை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சின்னக் காட்சி. அதற்குப் பிறகு செய்துங்கநல்லூர் வரை ஓடிய பேச்சு எந்தப் போனிலும் இல்லை. குறும்படத் துணுக்குகளின் அளவை விநாடிகளில் சொல்வது வழக்கம். அதை யார் யாருக்குக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. யூடியூபில் முதன்முதலில் ஏற்றப்பட்ட படமும் யானையைப் பற்றியதுதான். 2005 ஏப்ரல் 23. அந்தத் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, இவற்றின் தும்பிக்கை மிக நீளம் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். 19 விநாடி. வேறொன்றும் இல்லை. பார்த்ததை இன்னொருவருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை மட்டும் அதில் முழுதாக இருக்கிறது.

தாதன்குளம் நெருங்கும்போது மேல் பலகையிலிருந்து ஓர் இளைஞன் தலையைத் தொங்கப்போட்டுச் சொன்னான்: "இந்த இடந்தான் பாத்துக்கிடுங்க. இங்கனதான் தண்டவாளம் தொங்குச்சு." போனைக் கீழே நீட்டினான்.

எல்லாரும் பார்த்த காட்சிதான். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் பாதைக்கடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது; சிமெண்டுக் கட்டைகளோடு தண்டவாளம் அந்தரத்தில் நின்றது. வண்டியில் இருந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். வண்டியை நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அந்தத் தொங்கும் தண்டவாளத்தைப் பார்த்த யாருக்கும் சொல்லாமலே விளங்கும். அதனால்தான் அந்தக் காட்சி அப்படிப் பரவியது.

திரையில் தண்டவாளம் தொங்குகிறது. வண்டிக்கு அடியில் அதே தண்டவாளம் புது ஜல்லிமேல் உறுதியாகக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். பெட்டியில் இருந்தவர்கள் போனைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒரு காட்சி, அது எடுக்கப்பட்ட இடத்திலேயே ஓடுவதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

வாசல்படியருகே நின்ற ஒரு பெண் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குவதற்காகப் பையை எடுத்துக்கொண்டிருந்தார். இளைஞனைப் பார்த்து, "அதுல நாங்க இல்லையே" என்றார்.

"நீங்க வண்டியில இருந்தியளாக்கா?"

"இல்ல தம்பி. நான் புதுக்குடி. ஸ்டேஷனுக்கு இங்கன பக்கத்துலதான். வண்டி நிக்குது, உள்ள புள்ளையளும் பெரியாளுவளும் பட்டினியா கெடக்காவன்னு தெரிஞ்சதும் கோயில்ல வச்சு ஒலை வச்சோம். எங்களுக்கே கரண்டு கெடையாது. கடை கெடையாது. வீட்ல கெடந்த அரிசி பருப்பத்தான் போட்டோம். சாம்பாருன்னு பேரு. அதுல என்ன இருந்துச்சுன்னு இப்பக் கேட்டாச் சொல்லத் தெரியாது." சிரித்தார். "எங்க தெருவுல ஒருத்தர் போன்லயும் சார்ஜ் இல்ல. அதான் நாங்க அதுல இல்ல."

ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டதையும், 19ஆம் தேதி பயணிகள் வெளியேற்றப்பட்டதையும் நாடு பார்த்தது. புதுக்குடிக்காரர்கள் சமைத்துப் போட்டது செய்தியாகப் பத்திரிகைகளில் வந்தது. ஆனால் தொங்கும் தண்டவாளத்துக்குக் கிடைத்த கண்கள் அதற்குக் கிடைக்கவில்லை. வெந்த சோற்றைப் படமெடுத்தால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தப் பெண் அதைச் சொல்லும்போது பெட்டியிலிருந்த முகங்களைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. இளைஞன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்து, அவருடைய பையை எடுத்துப் பிளாட்பாரத்தில் வைத்தான்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் பையனின் மாமா போனை எடுத்தார். நாற்பது வயது இருக்கும். வெல்டிங் வேலை செய்கிறவர் என்று கையில் இருந்த தழும்புகள் சொல்லின. முகத்தில் நல்ல மனிதருக்கான களை. அவர் பார்க்கும் விதம் வேறு. காட்சி தொடங்கிய இரண்டாம் விநாடியே கட்டைவிரல் பகிரும் குறியை அழுத்திவிடும், பெயர்கள் வரும், வரிசையாகத் தொடுவார், அனுப்புவார், பிறகு அடுத்தது. ஆழ்வார்திருநகரி வருவதற்குள் இப்படி நிறைய அனுப்பிவிட்டார். தண்ணீரில் ஓடும் பல்லி, முட்டையை விழுங்கும் பாம்பு, சர்க்கரைக்கு ஓர் இலை, ஐஸ் கட்டியை அறுக்கும் கம்பி. எதையும் பையனுக்குக் காட்டவில்லை. பையன் பக்கத்திலேயே இருந்தான்.

ஒரு காட்சி மட்டும் அவரை நிறுத்தியது. ஏதோ ஒரு தெரு. ஒரு குழந்தையை யாரோ இழுத்துப் போகிறார்கள். மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. அவர் பையனின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன்னையறியாமல் செய்தது அது. பிறகு விரல் பகிரும் குறிக்குப் போனது.

"எங்க நடந்ததுண்ணே இது?" என்று கல்லூரிப் பெண் கேட்டாள்.

"தெரியலம்மா. குரூப்புல வந்துச்சு. நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுல்லா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பிள்ளைமேல் வைத்த பயம் அந்த விரலில் இருந்தது. அதே பயந்தான் 2018இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியைக் கொன்றது. போளூர்ப் பக்கத்தில் கோயிலுக்கு வந்த குடும்பம். வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த பேச்சை நம்பியிருந்த ஊர் அவர்களைச் சூழ்ந்து அடித்தது. 65 வயதுப் பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அந்த மாதங்களில் நாட்டின் பல மாநிலங்களில் ஒரு காட்சி சுற்றியது: பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது இந்தியாவிலேயே எடுக்கப்பட்டதல்ல. பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல் போகும் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு பெற்றோருக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த பைக் திரும்பி வரும், சிறுவனை இறக்கிவிடுவார்கள், ஒரு பிள்ளை காணாமல் போக ஒரு கணம் போதும் என்ற பொருளில் ஓர் அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். பாடம் சொல்ல எடுத்த படம், வால் அறுந்ததும் வெறிநாயாகிவிட்டது.

அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் கடத்தக்கூடாது என்று வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒருமுறைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றது. இரட்டை அம்புக்குறி போட்டு வருவது அந்த வகை. மாமாவின் போனில் அந்த இரட்டை அம்பு இருந்தது. நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அந்தக் குறிக்கு அர்த்தம், பல கைகள் தாண்டி வந்தது என்பது. அனுப்பியவர் யாரும் பெறுகிறவரின் முகத்தைப் பார்க்கவில்லை என்பதும் அதில் அடக்கம்.

யானையைக் காட்டிய பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. போனைத் திருப்பிய கையோடு அவள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். "படுத்தா உறங்குது?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முகத்துக்கு நேரே காட்டுகிறவர் சொன்னதற்குப் பொறுப்பாளியாகிவிடுகிறார். விரலால் அனுப்புகிறவர் ஆவதில்லை. நல்லவர், கெட்டவர் என்ற பிரிவு இதில் இல்லை. தூரந்தான் பிரிக்கிறது.

மாமா அந்தக் காட்சியை அனுப்பினாரா என்று நான் பார்க்கவில்லை. வண்டி நாசரேத்தில் நின்றது. பெட்டியில் பாதி இறங்கிப் பாதி ஏறியது.

அபூர்வமானதைக் கண்டால் அடுத்தவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாத இந்தக் குணம் போனோடு பிறந்ததல்ல. சலூனில் தினத்தந்தியை ஒருவர் உரக்க வாசிக்க நாலு பேர் கேட்ட ஊர் இது. தமிழ்வாணனின் 'கல்கண்டு' இதழ் வந்த நாளில், அதிலிருந்த துணுக்குகளைப் பள்ளிக்கூடத் திண்ணையில் ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லத் திணறியது எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களின் விளையாட்டு. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஊர் ஊராகப் போய் 'மந்திரமா தந்திரமா' நடத்தியது. 1987 முதல் 'துளிர்' என்று பிள்ளைகளுக்கு மாத இதழும் கொண்டுவந்தது. அந்த மேடைகளில் எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வரும். கூட்டம் வாயைப் பிளக்கும். அடுத்த நிமிடம், கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்திருந்ததையும், எலுமிச்சைப் புளிப்பு பட்டதும் அந்தச் சாறு சிவக்கும் என்பதையும் சொல்லி, முன்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவள் கையாலேயே செய்யச் சொல்வார்கள். வியப்பு, விளக்கம், பிறகு உன் கையால் செய்துபார். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும்வரை எந்தச் சாமியாரும் அந்த ஊரில் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பிழைக்க முடியாது.

போன் யுகத்திலும் அந்த வழியில் போனவர் உண்டு. அரவிந்த் குப்தா. 1953இல் பரேலியில் பிறந்தவர், கான்பூர் ஐஐடியில் படித்துப் பொறியாளரானவர். 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போன இடத்தில் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து உருவங்கள் கட்டும் விளையாட்டைக் கண்டுபிடித்தார். பிறகு புணேயில் இருந்துகொண்டு, குப்பையில் போகிற பொருள்களைக் கொண்டு பொம்மை செய்யும் சிறுசிறு படங்களாக எடுத்து, பல மொழிகளில் குரல் கொடுக்கவைத்து இணையத்தில் இலவசமாகப் போட்டார். தமிழிலும் இருக்கின்றன. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். உறிஞ்சுகுழாயின் முனையை அம்புபோல் வெட்டி ஊதினால் நாதஸ்வரத்துக்குத் தம்பியான ஓர் ஓசை வரும்; ஊதிக்கொண்டே கத்தரியால் குழாயைக் குட்டையாக்கினால் சுருதி ஏறும். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய படங்களில் அவர் முகத்தைவிடக் கைகள்தான் அதிகம் தெரியும். படம் முடிந்ததும் பிள்ளை போனை வைத்துவிட்டுக் குழாயைத் தேடி ஓடவேண்டும் என்று எடுக்கப்பட்ட படங்கள் அவை. அடுத்ததைப் பார், அடுத்ததைப் பார் என்று கட்டிப்போடும் தளத்துக்குள் இருந்துகொண்டே, பார்த்தது போதும், எழுந்து போ என்று சொன்ன அந்த மனிதரின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

குரும்பூர் வருவதற்குள் பையன் மாமாவின் போனை வாங்கிவிட்டான். கொஞ்ச நேரம் தனக்குள் பார்த்தான். பிறகு ஆச்சியிடம் நகர்ந்தான். மாமாவிடம் ஏன் போகவில்லை என்று தெரியவில்லை. ஆச்சி அவனுக்கு ஏற்கெனவே ஒரு பனங்கிழங்கு உரித்துக் கொடுத்திருந்தார், அது காரணமாக இருக்கலாம்.

"ஆச்சி, இங்கன பாருங்க. நிலாவுல."

மங்கித் தெரியும் நிலாத் தரை. வெள்ளை உடுப்பு மனிதர். 1971 ஆகஸ்ட் 2. அப்போலோ 15இன் தளபதி டேவிட் ஸ்காட் வலக்கையில் ஒரு சுத்தியல், இடக்கையில் ஒரு வல்லூற்றின் இறகு பிடித்து நிற்கிறார். சுத்தியல் 1.3 கிலோவுக்குச் சற்று மேல்; இறகு 30 கிராம். அவர்கள் இறங்கிய கலத்தின் பெயர் வல்லூற்றைக் குறிப்பது, அதனால் அந்த இறகு. கேமராவுக்குப் பின்னால் அங்கே ஆள் இல்லை, பூமியிலிருந்தே இயக்கினார்கள். ஸ்காட் இரண்டையும் ஒரே நேரத்தில் கைவிடுகிறார். சுத்தியலும் இறகும் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து தரையைத் தொடுகின்றன.

ஆச்சி பார்த்தார். "எறகுல ஈயம் கீயம் வச்சிருப்பான்."

"இல்ல ஆச்சி. அங்க காத்து கெடையாது. காத்து இல்லன்னா எல்லாம் ஒண்ணாத்தான் விழும்."

"கிராபிக்ஸ்ல" என்றார் மாமா. "இப்பல்லாம் என்ன வேணும்னாலும் பண்ணுதானுவ."

பையன் முகம் சுருங்கியது. பிறகு அவன் செய்தது, அந்தப் பயணத்தில் நான் கண்டவற்றிலேயே பெரிது. போனை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தான். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். கடைசித் தாளிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு கிழித்தான். சீட்டின்மேல் ஏறி நின்றான். ஜன்னல் காற்றும் மின்விசிறியும் தாளைப் பறக்கடித்தன. ஆச்சி எதுவும் கேட்காமல் தன் பக்கத்து ஷட்டரை இழுத்து இறக்கினார். பூக்கார அம்மா எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். கல்லூரிப் பெண்கள் கால்களை ஒதுக்கிக்கொண்டார்கள்.

ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் தாள். விட்டான். நோட்டு தொப்பென்று விழுந்தது. தாள் அசைந்து அசைந்து பனைநார்ப் பெட்டிக்குள் போய் இறங்கியது.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றார் ஆச்சி.

பையன் தாளை எடுத்தான். இந்த முறை அதை நோட்டின் முதுகில் வைத்தான். ஒட்டவில்லை, பிடிக்கவில்லை. சும்மா வைத்தான். நோட்டைக் கிடையாகப் பிடித்து விட்டான். நோட்டும் தாளும் சேர்ந்தே இறங்கின. தரையில் விழுந்த நோட்டின் மேல் தாள் அப்படியே இருந்தது.

"ஒட்டிட்டியாலே?"

"தொட்டுப் பாருங்க."

ஆச்சி குனிந்து, நகத்தால் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எச்சில்கூட இல்லை.

"நோட்டு முன்னாடி போயிக் காத்த வெலக்கிருது ஆச்சி. தாள தடுக்க ஆளில்ல. அதனால கூடவே வந்துருது. நிலாவுல காத்தே இல்ல. எறகுக்கு நோட்டுத் தேவையில்ல." பிறகு தாளைச் சுருட்டி உருண்டையாக்கி, அதையும் நோட்டையும் தனித்தனிக் கையில் பிடித்து விட்டான். ஏறக்குறைய ஒன்றாக விழுந்தன. "அதே தாள்தான். எடை கூடல. காத்துல மாட்டுத அகலந்தான் கொறஞ்சிருக்கு."

மாமா எதுவும் சொல்லாமல் நோட்டைக் கேட்டு வாங்கினார். தாளை விரித்து அதன்மேல் வைத்து, தானே ஒருமுறை விட்டுப் பார்த்தார். அது விழுந்ததும் மருமகனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கர்வம் இருந்தது. "எவம்ல சொல்லித் தந்தான்?" "வீடியோல பாத்தேன். வீட்ல போட்டுப் பாத்தேன்."

ஆச்சிக்கு ஒரு பேரன் துபாயில். ஏசி மெக்கானிக். அவனுக்கு இது போகவேண்டும் என்றார். "அந்த நிலா மட்டும் அனுப்புனா எறகுல ஈயம்னு அவனும் சொல்லுவான். நோட்டப் போடுததையும் சேத்து எடு." மேல் பலகை இளைஞன் போனைப் பிடித்தான். பையன் மறுபடி சீட்டில் ஏறினான். முதல் முறை வண்டி குலுங்கித் தாள் நழுவிவிட்டது. அதையும் வெட்டவேண்டாம், இருக்கட்டும் என்றாள் கல்லூரிப் பெண். இரண்டாம் முறை சரியாக வந்தது. தாளை ஆச்சி தொட்டுப் பார்ப்பதும் படத்தில் வந்தது. ஒரு நிமிடத்துக்குக் குறைவு. ஆச்சியின் பழைய பட்டன் போனில் எண்ணைப் பார்த்துப் பேரனுக்கு மட்டும் அனுப்பினான் இளைஞன். அனுப்புவதற்கு முன், யார், எங்கிருந்து, எந்த வண்டியில் என்று ஆச்சி தன் குரலில் சொல்லச் சொல்லி அதையும் பேச்சாகப் பதிந்து அனுப்பினான்.

ஆறுமுகநேரி உப்பளங்கள் ஜன்னலில் வெள்ளையாக வந்துகொண்டிருந்தபோது பதில் வந்தது. குரல் பதில். பின்னணியில் ஏதோ எந்திரம் ஓடும் சத்தம். "ஆச்சி, சூப்பர். இங்க சூப்பர்வைசர் நோட்ட வச்சு நாங்களும் போட்டுப் பாத்துட்டோம். அந்தத் தம்பிகிட்ட ஒண்ணு கேளுங்க. நோட்டுக்கு மேல தாளுக்குப் பதிலா தெர்மாகோல் உருண்டை வச்சா கூடவே வருமா, நின்னுருமா?"

எல்லாரும் பையனைப் பார்த்தார்கள். அவன் நோட்டைப் பார்த்தான், மேலே பார்த்தான், ஆச்சியின் பனங்கிழங்குக் கட்டைப் பார்த்தான். உதடு அசைந்தது, பதில் வரவில்லை.

"தெரியல" என்றான் கடைசியில். "ஊருக்குப் போயிப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்னு சொல்லுங்க. நம்பர் குடுங்க ஆச்சி."

மாமா தன் போனில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்.